நந்தியின் வயிற்றில் ஒரு நட்டு

பாப்பா, தம்பி, இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். டிவிக்குப் பக்கத்தில் ஒரு கல் நந்தி படுத்திருக்கிறதே, அதன் வயிற்றில் ஏன் ஓட்டை இருக்கிறது, ஓட்டைக்குள் ஏன் ஒரு நட்டு இருக்கிறது என்று போன வாரம் கேட்டீர்கள். "சும்மாதான்" என்று சொல்லிவிட்டேன். சும்மா யாராவது நந்தியின் வயிற்றில் நட்டு வைப்பார்களா என்று பாப்பா கேட்டாள். நியாயமான கேள்வி. வாயால் சொன்னால் நடுவில் நீங்கள் சிரிப்பீர்கள், நானும் பாதியை விழுங்கிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் நான். தப்பு இருந்தால் பாப்பா பென்சிலால் திருத்தட்டும். பேனா வேண்டாம்.

மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளுக்கு நான் கல் ஏற்றுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். போகும்போது உருவமில்லாத கல். வரும்போது சில நாள் சாமி, சில நாள் புத்தர், சில நாள் ஏதோ ஒரு ஹோட்டல் தோட்டத்துக்கு யானை. எல்லாவற்றுக்கும் அடியில் போடுவது ஒரே வைக்கோல்தான். அப்படிப் போய்வந்து பழகிய சிற்பி ஒருவர், மிச்சம் விழுந்த கருங்கல் துண்டில் எனக்கு ஒரு நந்தி செதுக்கிக் கொடுத்தார். எலுமிச்சம்பழத்துக்குப் பெரியது, சாத்துக்குடிக்குச் சின்னது. வயிற்றில் துளை போட்டு, உள்ளே ஒரு நட்டை வைத்து, பசை ஊற்றி இறுக்கினார்.

"எல்லாரும் சாமிய கண்ணாடிகிட்ட வச்சிகினு ஓட்றாங்க. நீ கைக்குள்ளயே வச்சிகினு ஓட்டு" என்றார்.

கியர் ராடின் தலையில் உருண்டையாக ஒரு பிளாஸ்டிக் குமிழ் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு நந்தியைத் திருகினேன். திமில் சரியாக உள்ளங்கைக் குழியில் வந்து உட்கார்ந்தது. வெயிலில் சுடும், மழையில் சில்லென்று இருக்கும். அந்த லாரிக்கு ஐந்து கியர். எந்த கியர் எங்கே இருக்கிறது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. அதையெல்லாம் கை பார்த்துக்கொண்டது.

முதலாளியம்மாவை நீங்கள் இரண்டு முறை பார்த்திருக்கிறீர்கள். பொங்கலுக்கு வந்து கரும்பு கொடுத்துவிட்டு, உட்காரச் சொன்னால் உட்காராமல் போனாரே, அவர்தான். செங்கல்பட்டுக்கு வெளியே நெல் போட்ட குடும்பம். முதலில் ஒரு டிராக்டர் வைத்திருந்தார்கள், பிறகு டிப்பர், இப்போது இரண்டு லாரி. கணவர் போன பிறகு எல்லாவற்றையும் அவரே பார்க்கிறார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வண்டி திரும்பும் சத்தத்திலேயே எந்த சக்கரத்தில் காற்று குறைவு என்று சொல்வார். அவரிடம் ஒரே ஒரு சட்டம்தான். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிடுவார்.

"வண்டிக்கு இன்னா வேணா ஆவட்டும். அது என் காதுக்கு முதல்ல உன் வாயால வரணும். வேற வாயால வந்துச்சின்னா சாவிய வச்சிட்டுப் போயிடு."

பயமுறுத்துவதற்காகச் சொல்வதில்லை. எனக்கு முன்னால் இருந்த ஒரு டிரைவர் பின்பக்கம் ஒரு தூணில் இடித்துவிட்டு, நசுங்கிய இடத்தில் சேற்றைப் பூசிக்கொண்டு வந்தார். அவர் கெட்ட நேரம், மழை வந்தது. அடுத்த நாள் சாவி ஆணியில் தொங்கியது.

புது லாரி வந்தபோது அதை யாரிடம் கொடுப்பது என்று ஒரு பேச்சு நடந்தது. ஆறு கியர் வண்டி ஓட்டிப் பழகிய டிரைவர் இன்னொருவர் இருந்தார். வயதும் என்னைவிடக் குறைவு. முதலாளியம்மா எங்கள் இரண்டு பேரையும் ஷெட்டைச் சுற்றி ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொன்னார், பிறகு சாவியை என் கையில் கொடுத்தார். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டது உங்கள் அம்மாவுக்கு நினைவிருக்கும்.

புது லாரியின் கியர் குமிழில் ஒன்றிலிருந்து ஆறு வரை வெள்ளை எழுத்தில் போட்டிருந்தது. ரிவர்சுக்கு ஒரு எழுத்து. எந்த எண் எந்தப் பக்கம் என்று கோடு போட்டுக் காட்டியிருந்தது. முதல் நான்கு நாள் நான் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் போட்டேன். சிவப்பு விளக்கில் நின்றால் குனிந்து பார்ப்பேன், ஒன்று எங்கே என்று. ஒன்றும் ஆகவில்லை. வண்டி நன்றாகத்தான் போனது.

ஐந்தாம் நாள் திருக்கழுக்குன்றம் டீக்கடையில் வண்டியை நிறுத்தியிருந்தேன். மணல் லாரி டிரைவர் ஒருவர் என் வண்டியில் ஏறிப் பார்த்தார். பழக்கமானவர்தான்.

"மச்சான், இன்னா இது, நம்பர்லாம் போட்டு கீது? பஸ்ஸா?"

"கியர் நம்பர்பா."

"பாத்துட்டா போடற?"

"புது வண்டியாச்சே."

அவர் கீழே இறங்கி எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொன்னார். "ஏ, நம்ம அண்ணாத்த ஸ்லேட்டு வச்சி லாரி ஓட்றாருப்பா! வாய்ப்பாடு சொன்னாத்தான் வண்டி நவுரும்!"

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். டீ ஆற்றுகிறவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். டீயைக் குடித்துவிட்டு நேராக மாமல்லபுரம் போய், சிற்பியிடம் நந்தியைக் கொடுத்து, உள்ளே இருந்த நட்டை எடுத்துவிட்டுப் புது வண்டி ராடின் திருகு மரைக்குத் தகுந்த நட்டு வைத்துத் தரச் சொன்னேன். எண் போட்ட குமிழைக் கழற்றி, ஒரு பழைய பனியனில் சுற்றி, டூல்ஸ் பெட்டியின் அடியில் போட்டேன். நந்தி வந்து உட்கார்ந்ததும் வண்டியே என்னுடையது ஆகிவிட்டதுபோல இருந்தது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். டிரைவர்கள் ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள் என்பதற்காகத்தான் நான் அதைச் செய்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

பதினொரு நாள் கழித்து நடந்ததைச் சொல்கிறேன்.

அன்றைக்கு லோடு எட்டுக் கல் விளக்குத் தூண். முட்டுக்காட்டில் ஒரு பெரிய வீட்டுத் தோட்டத்துக்கு. காலையில் மாமல்லபுரத்தில் ஏற்றிக்கொண்டு கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தேன். சாலை காலி. ஆறாவது கியரில் அறுபதுக்குக் கொஞ்சம் மேலே போயிருக்கும். கோவளத்துக்கு முன்னால் ஒரு டவுன் பஸ் கையைக் காட்டாமல் ஒதுங்கியது. அவசரம் ஒன்றும் இல்லை. பிரேக்கைத் தொட்டு, ஒரு கியர் குறைத்தால் போதும். ஆறிலிருந்து ஐந்து.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பழைய லாரியில் கடைசி கியரிலிருந்து ஒன்று இறங்க வேண்டுமானால் ராடை இடது பக்கம் தள்ள வேண்டும். புது லாரியில் அப்படி இல்லை. ஆறு பின்னால், ஐந்து அதற்கு நேர் முன்னால். பக்கவாட்டில் அசைக்காமல் நேராக முன்னே தள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால் என் உள்ளங்கையில் திமில் இருந்தது. திமில் இருந்தால் அது பழைய லாரி என்று கை நினைத்துக்கொண்டது. இடது பக்கம் தள்ளி, முன்னே போட்டது. அந்த இடத்தில் இருப்பது மூன்று.

கிளட்சை விட்டேன்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நம் வீட்டு மிக்ஸியில் ஒருமுறை கரண்டி விழுந்ததே, அந்த மிக்ஸி லாரி அளவுக்கு இருந்தால் அப்படி இருக்கும். அறுபதில் ஓடுகிற பதினைந்து டன், எஞ்சினைப் பிடித்து அதன் அளவுக்கு மேல் சுற்றுகிறது. எஞ்சின் சுற்றைக் காட்டுகிற முள் சிவப்பைத் தாண்டி, எண் இல்லாத இடத்துக்குப் போய் நின்றது. பின் சக்கரம் கீச்சென்றது. அடியில் எங்கோ பெரிதாக ஒரு தட்டல் சத்தம். பின்னால் கல் தூண்கள் ஒருமுறை முனகின. கிளட்சை மறுபடியும் மிதித்தேன். எல்லாம் ஓய்ந்தது. லாரி தானாக உருண்டு, கோவளம் திருப்பத்துக்குப் பக்கத்தில் மண்ணில் இறங்கி நின்றது. சாவியைத் திருப்பி அணைத்தேன். நந்தி முன்னால் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது.

பஸ்ஸிலிருந்து இறங்கிய மீன்கூடைக்காரம்மா ஒருவர் கேட்டார். "இன்னாபா சத்தம்? வெடிச்சிதா?"

"டயருமா" என்றேன்.

அவர் டயர்களை எண்ணுகிறமாதிரி பார்த்தார். எல்லா டயரும் நன்றாகத்தான் இருந்தன. கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

லாரியை மூன்று முறை சுற்றி வந்தேன். கோயிலில் சுற்றுவதுபோலத்தான். என்ன பார்க்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. குனிந்து அடியில் பார்த்தேன். எண்ணெய் எதுவும் சொட்டவில்லை. ஆனால் சொட்டாமல் உடைகிற சாமான் லாரியில் நிறைய இருக்கிறது. எஞ்சினுக்குள்ளே வால்வு வளைந்திருக்கலாம். கிளட்ச் பிளேட் வெடித்திருக்கலாம். கியர் பல் போயிருக்கலாம். கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகிற நீள ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டிருக்கலாம். இதில் எது ஆகியிருந்தாலும் வண்டி என் கையை விட்டுப் போகும். அம்மா திட்டமாட்டார். அடுத்த நாள் சாவி வேறொருவர் கையில் இருக்கும், அவ்வளவுதான்.

போனை எடுத்தேன். அம்மாவின் எண்ணைத் தேடினேன். பிறகு, என்ன ஆயிற்று என்றே தெரியாமல் என்ன சொல்வது என்று பையில் வைத்துவிட்டேன். அப்போது அது நியாயமாகத்தான் தெரிந்தது.

பக்கத்தில் மெக்கானிக் யாராவது உண்டா என்று கேட்டதற்கு, எதிரே கூரை போட்ட ஒரு கொட்டகையைக் காட்டினார்கள். அங்கே படகு எஞ்சின்கள் வரிசையாகக் கிடந்தன. லுங்கி கட்டிய ஒருவர் ஒரு எஞ்சினின் தலையைக் கழற்றிக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும்.

"லாரி பாப்பீங்களா?"

"லாரி தெரியாது. டீசல் தெரியும்" என்றார். "இன்னா ஆச்சி?"

"ஆறுலேர்ந்து அஞ்சு போடப் போனேன். மூணுல வுழுந்துச்சி."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "தானா வுழுந்துச்சா?"

"நான்தான் போட்டேன்."

"அப்படிச் சொல்லு" என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

வந்தவர் முதலில் வண்டியைத் தொடவே இல்லை. புகை வந்ததா, வந்தால் வெள்ளையா கறுப்பா, எண்ணெய் விளக்கு எரிந்ததா, அணைத்தபோது எஞ்சின் ஒழுங்காக நின்றதா, உதறி நின்றதா என்று டாக்டர் மாதிரி கேட்டார். எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியை இழுத்து விரலில் தேய்த்து முகர்ந்தார். தண்ணீர் தொட்டியைத் திறந்து எண்ணெய் மிதக்கிறதா என்று பார்த்தார். பிறகு ஒரு நீள ஸ்குரூ டிரைவரை எடுத்து, முனையை எஞ்சினின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டார்.

"இப்ப ஸ்டார்ட் பண்ணு. ஆக்ஸிலேட்டர்ல கால வெக்காத."

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் பிடித்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு ஸ்குரூ டிரைவரை ஒவ்வொரு சிலிண்டராக நகர்த்தினார். நான் காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டேன்.

"ஆறு சிலிண்டரும் ஒரே மாதிரி பேசுது" என்றார். "வால்வு தட்டல. தட்டிருந்தா ஒண்ணாவது கத்தும். அடுத்தது கிளட்ச். ஹேண்ட் பிரேக் போடு. மேல் கியர்ல வச்சி, கிளட்ச்ச மெதுவா வுடு. எஞ்சின் ஆஃப் ஆவணும். ஆவாம சுத்திகினே இருந்துச்சின்னா பிளேட்டு காலி."

நந்தியைப் பிடித்தேன். ஆறு எங்கே என்று இந்த முறை யோசித்துப் போட்டேன். கிளட்சை விட விட, லாரி ஒருமுறை குலுங்கி எஞ்சின் அணைந்தது. எஞ்சின் அணைந்ததற்காக நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்றைக்கு மட்டும்தான்.

மிச்சம் இருந்தது கியர்பாக்ஸ். அதன் அடியில் எண்ணெய் இறக்குகிற திருகாணி ஒன்று உண்டு. அதன் முனையில் காந்தம் இருக்கும். உள்ளே பல் உடைந்திருந்தால் இரும்புத் துண்டு அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் சூடாக இருந்ததால் அரை மணி ஆற விட்டோம். அவர் கொட்டகைக்குப் போய் டீ வாங்கிவந்தார்.

"ஓனருக்குச் சொன்னியா?"

"பாத்துட்டு சொல்லலாம்னு கீறேன்."

"பாத்து, ஒண்ணும் இல்லன்னா?"

நான் டீயைக் குடித்தேன்.

"ஒண்ணும் இல்லன்னா சொல்லமாட்ட" என்று அவரே பதிலையும் சொல்லிக்கொண்டார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. எண்ணெயை முகர்ந்து சொன்ன அதே குரல்தான்.

பிறகு இரண்டு பேரும் சாக்கு விரித்து அடியில் போய்ப் படுத்தோம். அவர் ஒரு தகர டப்பாவைப் பிடிக்கச் சொன்னார். திருகாணியைக் கழற்றி, ஓட்டையை உடனே கட்டைவிரலால் அடைத்துக்கொண்டார். டப்பாவில் இரண்டு டம்ளர் அளவுக்கு எண்ணெய் விழுந்தது. திருகாணியின் முனையைப் பார்த்தோம். கரும்பசைபோல மெல்லிசாக ஒட்டியிருந்தது.

"இது எல்லா வண்டிலயும் இருக்கும்" என்றார். "துண்டு ஏதும் இல்ல."

அப்போதுதான் டப்பாவைப் பார்த்தேன். எண்ணெயில் ஒன்று மின்னியது. வெள்ளி மாதிரி. டப்பாவைச் சாய்த்தேன். அதன் பின்னால் இன்னொன்று. பிறகு மூன்று நான்கு. விரல் நகத்தில் பாதி இருக்கும், வட்டமாக, மெல்லிசாக. பல் உடைந்தால் இப்படித்தான் செதில் செதிலாக வரும் என்று எப்போதோ ஒரு மெக்கானிக் எனக்குச் சொல்லியிருக்கிறார்.

"போச்சி" என்றேன்.

அவரும் பார்த்தார். அவர் முகமும் மாறியது. விரலை நுழைத்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நான் பிடித்திருந்த திருகாணியின் காந்தத்தில் வைத்தார். ஒட்டவில்லை. மறுபடியும் வைத்தார். ஒட்டவில்லை. வளைத்தார், வளைந்தது. முகர்ந்தார். முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணாத்த, இது சங்கரா."

"இன்னாது?"

"மீனு. சங்கரா செதிளு. நேத்து என் வூட்டுக்காரி இந்த டப்பாலதான் மீன் கழுவிச்சி."

நாங்கள் இரண்டு பேரும் லாரிக்கு அடியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு டப்பாவையே பார்த்தோம். அவருடைய கட்டைவிரல் இன்னும் ஓட்டையை அடைத்தபடியே இருந்தது. "திருகாணிய குடு, வெரல் மரத்துப் போச்சி" என்றார். கொடுத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் அடியிலேயே ஊர்ந்து பின்பக்கமாகப் போனார். நீள ஷாஃப்டின் நடுவில் அதைத் தாங்க ஒரு பேரிங் உண்டு, பேரிங்கைச் சுற்றி ரப்பர் இருக்கும். அதை ஒரு கம்பியால் நெம்பிப் பார்த்தார். ரப்பர் பாதிக்கு மேல் கிழிந்து வாயைத் திறந்தது. நான் கேட்ட அந்தப் பெரிய தட்டல் சத்தம் இதுதான். புது ரப்பர். கிழிந்த இடம் பளபளவென்று இருந்தது.

"வேற ஒண்ணும் இல்ல, இது மட்டுந்தான்" என்றார். "மெதுவா போனா வூடு போய்ச் சேரும். நாலாவதுக்கு மேல போடாத. ரப்பரு தன்னால கூடத்தான் கிழியும். நான் யாருகிட்டயும் வாயத் தொறக்கமாட்டேன். எனக்கு இன்னா, நான் படகு மெக்கானிக்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஒரு வாய்ப்பைத் துடைத்து என் கையில் வைத்ததுபோல இருந்தது. தன்னால் கிழிந்தது என்று சொன்னால் யாருக்குத் தெரியும்? இதை அப்பா நல்லவராக இருந்து மறுத்தார் என்று நீங்கள் நினைக்கவேண்டாம். நான் அந்த வாக்கியத்தை இரண்டு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். 'தன்னால கிழிஞ்சிடுச்சிமா.' நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பொய் சொல்லும்போது எனக்குக் காது சிவக்கும் என்று உங்கள் அம்மா சொல்வாள். டயர் என்று சொன்னதை அந்த மீன்கூடைக்காரம்மாவே நம்பவில்லை. சத்தத்தை வைத்துக் காற்றுக் குறைவைச் சொல்கிறவர் நம்புவாரா?

போன் போட்டேன். முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்.

"அம்மா, ஆறுலேர்ந்து அஞ்சு போடறதுக்குப் பதிலா மூணு போட்டுட்டேன். எஞ்சின் அலறிடுச்சி. இங்க மீன் படகு மெக்கானிக் ஒருத்தர வச்சி எல்லாம் பாத்துட்டோம். ஷாஃப்ட் ரப்பர் கிழிஞ்சி கீது. வேற ஒண்ணும் இல்ல. தப்பு என்னுது."

அந்தப் பக்கம் ஒரு மாடு கத்தியது.

"எத்தினி மணிக்கு ஆச்சி?" என்றார்.

"ஒம்போதரை இருக்கும்."

"ஒம்போது இருவத்தெட்டு. இப்ப பத்தே முக்கால்."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். வண்டி விற்ற கம்பெனிக்காரர்கள் உள்ளே ஒரு பெட்டி வைத்திருக்கிறார்களாம். வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகம், எஞ்சின் எப்படிச் சுற்றுகிறது என்று அது அவர் போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்குமாம். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. பச்சையாக வந்தால் நல்லது, சிவப்பாக வந்தால் தப்பு என்று மட்டும் தெரிந்து வைத்திருக்கிறார்.

"செவப்பா வந்துச்சிபா. இதுக்கு முன்னாடி ஒரு நாளும் வந்ததில்ல. ஒன்னே கால் மணி நேரமா போனக் கையில வச்சிகினு உக்காந்துகினு கீறேன். மாட்டுக்குத் தண்ணி கூடக் காட்டல."

"பாத்துட்டு சொல்லலாம்னு..."

"தெரியும். லோடு எறக்கிட்டு மெதுவா வா" என்று வைத்துவிட்டார்.

முட்டுக்காட்டில் எட்டுத் தூணும் முழுசாக இறங்கின. அங்கேயிருந்து கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாக நாலாவது கியரில் செங்கல்பட்டுக்கு வந்தேன். ஷேர் ஆட்டோக்கள் எல்லாம் என்னை முந்திக்கொண்டு போயின. ஒரு ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் இருந்த குழந்தை எனக்கு டாட்டா காட்டியது. நானும் காட்டினேன். இரண்டு பேருக்கும் நேரம் இருந்தது.

ஷெட்டுக்கு வரும்போது நாலரை மணி. அம்மா நாற்காலியில் இருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தார்.

"ஆஃப் பண்ணாத. ஒரு அமுக்கு அமுக்கு."

அமுக்கினேன். தலையைச் சாய்த்துக் கேட்டார். போதும் என்று கை காட்டினார். பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, படியில் கால் வைத்து, கம்பியைப் பிடித்து கேபினுக்குள் ஏறிவிட்டார். அறுபது வயதுக்கு மேல். நான் இந்தப் பக்கம் சீட்டில், அவர் அந்தப் பக்கம். நடுவில் நந்தி.

"இன்னா இது?"

"நந்திமா. சிற்பி குடுத்தது."

"இங்க நம்பர் போட்ட ஒண்ணு இருந்துச்சே. வண்டி வந்த அன்னிக்கு நான் பொட்டு வச்சனே."

அதை நான் மறந்தே போயிருந்தேன். வண்டி வந்த அன்றைக்குப் பூசை போட்டபோது ஸ்டியரிங்கில் ஒரு பொட்டு, அந்தக் குமிழில் ஒரு பொட்டு வைத்தார்.

"கழட்டிட்டேன்."

"எதுக்கு?"

போனில் நான் சொன்னதில் எதுவும் பொய்யில்லை. இது மட்டும் அதில் இல்லை. காது சூடாவது எனக்கே தெரிந்தது.

"டீக்கடையில சிரிச்சாங்கமா. நம்பர் பாத்து கியர் போடறேன்னு."

"யாரு?"

"எல்லாரும்."

அவர் நந்தியின் தலையைத் தடவினார். கொம்பை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நான் டிவி ரிமோட்டயே நம்பர் பாத்துத்தான் அமுக்கறேன். பத்து வருசமாச்சி" என்றார். "அந்த இன்னொரு டிரைவர் நல்லாத்தான் ஓட்டுவான். அவன் ஏறின ஒடனே பாக்காம கியரு போட்டான். நீ குனிஞ்சி பாத்துப் போட்ட. அதான் உங்கிட்ட குடுத்தேன்."

தலையை ஆட்டினேன்.

"நாளைக்கு சர்வீசுக்கு நீயே எடுத்துகினு போ. ரப்பர் மாத்து. உள்ளயும் ஒரு தபா பாக்கச் சொல்லு. மீன்காரன் பாத்தது போதாது." இறங்கப் போனவர் திரும்பினார். "பாவம், சாமிய கொண்டாந்து கியர் மாத்த வச்சிருக்க. வூட்ல கொண்டுபோய் வை."

ஏறியதைவிட வேகமாக இறங்கி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

நான் கேபினில் தனியாக இருந்தேன். டூல்ஸ் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து பனியன் சுருட்டை எடுத்துப் பிரித்தேன். குங்குமம் எண் நான்குக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. நந்தியைப் பிடித்து இடது பக்கமாகத் திருகினேன். முதல் திருகு கெட்டியாக இருந்தது, பிறகு சுலபமாக வந்துவிட்டது. குமிழை மாட்டி, எண்கள் நேராக என்னைப் பார்க்கும்வரை இறுக்கினேன். நந்தியை அந்தப் பனியனிலேயே சுற்றி, காலி சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்தேன். மூடி சரியாக மூடவில்லை.

எஞ்சினைப் போடவில்லை. கிளட்சை முழுதாக மிதித்துக்கொண்டு, குமிழைக் குனிந்து பார்த்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. ஆறு. பிறகு ஆறிலிருந்து ஐந்து, நேராக முன்னே. மறுபடியும் ஆறு. மறுபடியும் ஐந்து. வலது உள்ளங்கையைத் தொடையில் துடைத்துக்கொண்டேன். கியர் போடுவது இடது கை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அதையும் துடைத்தேன். இருபது முறை போட்டுவிட்டு, நியூட்ரலில் வைத்து, டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.